நாலும் இரண்டும்

இரவு இரண்டரை மணிக்கு வந்திறங்க
டெர்செய்ராத் தீவுக்கு யாரும் டிக்கெட் எடுப்பதில்லை.
இருநூற்று எழுபத்தோரு பேர் வந்தார்கள்,
பாஸ்டனிலிருந்து லிஸ்பன் போகவேண்டியவர்கள்.
வலப்பக்க எஞ்சின்
எண்ணெயையெல்லாம் குடித்துவிட்டுப் படுத்துவிட்டதாம்.

கடையைத் திறக்கச் சொல்லி ஃபோன்.
இரண்டு காலுக்கும் இரண்டு ஜோடிச் செருப்போடு ஓடினேன்.

கில்பெர்த்து, ஃபால் ரிவரில் கூரை போடுகிறவர்,
சர்க்கரை போடும் முன்பே ஆரம்பித்தார்:
"முப்பது வருஷம் நாலு எஞ்சினில்தான் கடல் தாண்டினேன்.
ஒன்று போனால் மூன்று.
கணக்குத் தெரிந்தவன் கட்டிய விமானம் அது.
இப்போது எரிபொருள் மிச்சம் பிடிக்க
நம் உயிரை இரண்டில் தொங்கவிட்டிருக்கிறார்கள்."

"நாலு இருந்தால் கெட்டுப்போகவும் நாலு இருக்கிறது"
என்றாள் வரிசையில் அடுத்து நின்றவள்.
ஸோல்வெய்க். ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்கிறவள்.
சிரிக்கவில்லை.
"உங்களுக்கு எத்தனை இதயம்?"
"ஒன்றுதான். அதை நம்பி நான் அட்லாண்டிக்கில் இறங்குவதில்லை."
"இப்போதுதானே பாதி தாண்டினீர்கள்."

பிறகு ஹாலே இரண்டாகப் பிரிந்தது.
நாலு எஞ்சினில் தூக்கம் நன்றாக வரும் என்றார் ஒருவர்.
தூங்குகிறவனுக்கு எண்ணிக்கை எதற்கு என்றார் இன்னொருவர்.
நாலு பேர் தூக்கிப் போவது எதை என்று தெரியுமல்லவா
என்று ஒரு கிழவர் முனகியதும்
கொஞ்ச நேரம் ஸ்பூன் சத்தம் மட்டும்.

ஒரு பையன் எதுவும் வாங்கவில்லை.
சார்ஜருக்குச் சுவரில் இடம் தேடிக்கொண்டிருந்தான்.
இடப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தானாம்,
ஒரு மணி இருபது நிமிஷமும்
ஓடுகிற எஞ்சினையே பார்த்துக்கொண்டு,
கண்ணை எடுத்தால் நின்றுவிடும் என்று.
கில்பெர்த்து அவனை மடக்கினார்:
"நீ சொல் தம்பி, ரெண்டா, நாலா?"
"இடது" என்றான்.

நான் எதுவும் சொல்லவில்லை.
என்ன சொல்ல?
நாலு எஞ்சின்கள் போன காலத்தில்
எங்களை யாரும் குனிந்து பார்த்ததில்லை.
இரண்டில் பறக்கிறவனுக்குத்தான்
கைக்கெட்டும் தூரத்தில் ஒரு தீவு வேண்டும்.
வரைபடத்தில் எங்களைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறார்களாம்.
அந்த வட்டத்துக்காக என் வீட்டுக்காரர் ஃபிர்மினோ
ராத்திரியெல்லாம் ஓடுதள விளக்குகளைப் பார்த்துக்கொள்கிறார்,
மழையில் பல்பு மாற்றுகிறார்,
வராத விமானங்களுக்காக.
யாரோ முப்பத்தெட்டாயிரம் அடியில் பயப்படுகிறார்கள்,
இங்கே எங்கள் அடுப்பு எரிகிறது.
இதைச் சொல்லவா காப்பியோடு சேர்த்து?

பத்து மணிக்கு மாற்று விமானம் வந்தது.
கில்பெர்த்து கண்ணாடியில் மூக்கை வைத்து எண்ணினார்.
இந்தப் பக்கம் ஒன்று.
தலையைச் சாய்த்து,
அந்தப் பக்கம் ஒன்று.
திரும்பி வந்து ஒரு முழுப் பாலாடைக்கட்டி வாங்கினார்,
இரண்டு கிலோ, ரொக்கம்.
ஸோல்வெய்க் அவர் பையைப் பிடித்துக்கொண்டாள்.
ரெண்டில் ஒன்று பார்த்துவிடலாம் என்கிற மாதிரி
அவர் ஏறினார்.

நின்றுபோன விமானம் பதினோரு நாள் கிடந்தது.
ஞாயிற்றுக்கிழமை ஃபிர்மினோ என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார்.
அந்த எஞ்சின் வாய்க்குள்
ஆறடி மனுஷன் தொப்பியோடு நிமிர்ந்து நிற்கலாம்.
எத்தனை, எத்தனை என்று அடித்துக்கொண்டார்களே,
எவ்வளவு பெரிசு என்று ஒருவரும் கேட்கவில்லை.

தொட்டேன். சில்லென்றிருந்தது.
கடல் காற்றில் அதன் இதழ்கள்
தானாகச் சுற்றிக்கொண்டிருந்தன,
டிக், டிக் என்று,
மெதுவாக,
எங்கோ போய்க்கொண்டிருப்பதுபோல.